எங்கள் வீட்டுக் கும்பனிக் கட்டு

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடெல்லாம் முடிந்து, தள்ளிப்போன கல்யாணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்த வருடம் அது. கிள்ளானில் இருக்கும் என் அண்ணன், மகன் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு செலாயாங்கில் என் வீட்டுக்கு வந்தார். பத்திரிகை வைக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வந்தது எனக்கு வேலை வைக்க.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. பாட்டனுக்குப் பாட்டன் பாய்மரக் கப்பலில் பினாங்குக்கு வந்து 'கும்பனி ஆளாக', அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளாக, இருந்தவராம். இந்த நாட்டில் பால்மரம் என்கிற ரப்பர் மரமே இல்லாத காலம். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அண்ணன் இதைச் சொல்லாத வீடு கிள்ளானில் கிடையாது. நிச்சயதார்த்தத்தன்று ரவாங்கில் பெண் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "நாங்க தோட்டத்துக்குப் பால்மரம் வெட்ட வந்தவங்க இல்ல, கும்பனி உத்தியோகம்" என்றார். பெண்ணின் அப்பா தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது சொந்தமாக லோரி ஓட்டுபவர். அவர் சிரித்துக்கொண்டே தேத்தண்ணியை நகர்த்தி வைத்தார். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

பெருமைக்கு அடையாளமாக ஒரு வழக்கமும் இருக்கிறது. எங்கள் வீட்டு மாப்பிள்ளைகளுக்குத் தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கித்தான் கட்ட வேண்டும். கும்பனிக் கட்டு என்று பெயர். மாப்பிள்ளையின் அப்பா தன் கையால் கட்டிவிட வேண்டும். அதைக் கட்டிக்கொண்ட எந்த மாப்பிள்ளையும் போட்டோவில் பல்வலிக்காரன் மாதிரிதான் இருப்பான். அண்ணன் மகன் முடி வெட்டவே பெரிய கடைக்குப் போகிறவன். "அத்தே, அப்பாகிட்ட சொல்லுங்க லா" என்று என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அண்ணன் எனக்கு வைத்த வேலை இதுதான். கல்யாண விருந்தில் திரை கட்டிக் குடும்ப வரலாறு காட்டப் போகிறார். பாட்டன் பார்த்தது என்ன உத்தியோகம் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். "கொறஞ்சது கணக்கெழுதுற ஒரு கிராணியாவாவது இருந்திருப்பாரு" என்றார்.

பணி ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளுக்கு இதைவிட என்ன வேலை! கோலாலம்பூரில் ஒரு நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். பினாங்கில் அந்தக் காலத்தில் சாலை போட்ட கதையைச் சொல்லும் புத்தகம் ஒன்று கிடைத்தது. போட்டவர்கள், தீவாந்தர தண்டனை பெற்று இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகள். சுவாரஸ்யமாகத்தான் படித்துக்கொண்டு போனேன். அவர்கள் தங்களைக் கைதி என்று சொல்லிக்கொள்ள மாட்டார்களாம், கும்பனி ஆள் என்பார்களாம். அந்த வரியை மறுபடி ஒருமுறை படித்தேன். ஆயுள் தண்டனைக்காரர்களின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பினார்களாம். அதை மறைக்கத் தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டிக்கொள்வார்களாம்.

பாட்டன் பெயர் அதில் எங்கும் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை, எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பமே போதும். வந்த சிரிப்பை முந்தானையால் அடைத்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினேன். அங்கே சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்ட மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் நாளைக்கு நூறு பேருக்கு முன்னால் திரையில் காட்டுவாரே!

நேரே கிள்ளானுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். முதலில் புத்தகம் எழுதியவரைத் திட்டினார். பிறகு சுவரில் மாட்டியிருந்த எங்கள் அப்பாவின் கல்யாணப் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவுக்கும் புருவம் தெரியவில்லை.

"என்ன செஞ்சிருப்பாரு? ஆடு கீடு திருடியிருப்பாரோ?"

"ஆட்டுக்கெல்லாம் ஆயுசு பூரா குடுக்க மாட்டாங்கண்ணே."

"எல்லாம் தலையெழுத்து" என்றவர், சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தத் தலையெழுத்தை எழுதியது பிரம்மா இல்லை, கும்பனி என்று வாய்வரை வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். பாவமாக இருந்தது.

திரை கட்டும் யோசனை அன்றோடு போனது. மடிக்கணினி கெட்டுவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னார். காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சம்பந்தி போன் செய்தால் குளிக்கப் போய்விடுவார்.

கல்யாணத்தன்று காலை, கிள்ளான் மண்டபத்தில் மகனை உட்காரவைத்துத் தலைப்பாகைத் துணியைக் கையில் எடுத்தார். ஒரு சுற்று வந்ததும் கை நின்றுவிட்டது. பிறகு, நெற்றி முழுக்கத் தெரிய, தூக்கிக் கட்டினார். சித்தப்பா பதறிப்போய், "டேய், எறக்கிக் கட்டுடா! நம்ம வழக்கம் என்னாவறது?" என்று சத்தம் போட்டார்.

"என் புள்ள நெத்தியில எவனும் ஒண்ணும் எழுதல, சித்தப்பா. எல்லாரும் நல்லா பாக்கட்டும்" என்றார் அண்ணன்.

பக்கத்தில் நின்ற சம்பந்திக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்ன விஷயம் என்று கேட்டார். அத்தனை நாள் அவருக்கு ஒளிந்து திரிந்த அண்ணன், மணவறைக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டினார். நிச்சயதார்த்தத்தில் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டார். நான் பெண் வீட்டார் முகங்களையே பார்த்தேன், பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று.

சம்பந்தி மோவாயைத் தடவி யோசித்தார். "உங்க பாட்டன் பரவால்ல சம்பந்தி. கப்பல் டிக்கெட்டு ஓசி. எங்க பாட்டன் அந்தக் காசக் கட்டவே காலம் பூரா பால்மரம் வெட்டுனாரு" என்றார்.

சித்தப்பாதான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை அடக்க நாதஸ்வரக்காரர்தான் வரவேண்டியிருந்தது. அண்ணன் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, சம்பந்தியின் கையை மட்டும் விடவே இல்லை.

பாட்டன் என்ன குற்றம் செய்தார் என்று இன்றுவரை தெரியாது, நானும் தேடுவதை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் நான் நினைத்துப் பார்ப்பது அவர் மனைவியை. வெளியே எத்தனை இறக்கிக் கட்டினாலும் வீட்டுக்கு வந்தால் கழற்றித்தானே ஆக வேண்டும்? அந்த நெற்றியைத் தினமும் பார்த்துக்கொண்டே அவருக்குச் சோறு போட்டு, எங்களையெல்லாம் உண்டாக்கிய அந்த மனுஷியின் பெயரை ஒருவரும் சொல்லி வைக்கவில்லையே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.