சட்டைப் பையில் இருந்த கண்ணாடி

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ இருக்கும். அப்போது பெருமாநல்லூரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு கம்பெனி மாறி, பி.எஃப். பணத்தையும் எடுத்துச் செலவழித்துவிடுகிற ஊர் இது. இவர் மட்டும் ஒரே கம்பெனியில் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தார்.

நாள் முழுக்க நின்று துணி வெட்டியே அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. ஐம்பது வயது தாண்டினால், வேலையை விட்டுவிட்டுப் பென்ஷன் வாங்கலாம் என்று யாரோ சொன்னார்கள். நான்தான் நச்சரித்து அவரைப் பி.எஃப். ஆபீசுக்கு இழுத்துப் போனேன்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் வயதான அம்மா ஒருவர். எதற்கு வந்திருக்கிறோம் என்று விசாரித்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஊட்டுக்காரரும் அவசரப்பட்டுத்தான் வாங்குனாரு கண்ணு. அம்பத்தெட்டு வயசானாத்தான் முழுப் பென்ஷனாம், அதுக்கு எத்தன வருசம் பாக்கியோ அத்தனைக்கும் கொறச்சுத்தான் குடுத்தாங்க. இப்ப அவரு இல்ல. அந்தக் கொறஞ்சதுல பாதிதான் எனக்கு வருது."

சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். எங்கள் முறை வந்தது. இவர் திடீரென்று, "கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுப்போட்டு வந்துட்டேன் புள்ள. வா போலாம்" என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இந்தக் காலை வெச்சுக்கிட்டு இன்னும் எப்படீங்க நிப்பீங்க? எப்படியும் நாந்தான் முன்னால போவேன். எனக்கு எதுக்குங்க பென்ஷன்?"

"அதையும் நீயே முடிவு பண்ணிப்போட்டயா?" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளே முதலாளியிடம் கேட்டு, துணி குடோனில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். மாஸ்டர் என்று பேர் வாங்கியவருக்கு அது இறக்கம்தான். ஆனால் ஒரு நாளும் வாய் திறந்து குறைப்பட்டதில்லை. ஐம்பத்தெட்டு முடிந்த பிறகுதான் பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தார்.

இன்றைக்கும் பென்ஷன் எடுக்க இரண்டு பேரும் சேர்ந்துதான் பாங்குக்குப் போகிறோம். கண்ணாடியை எடுத்துக்கொண்டீர்களா என்று நான் கேட்பேன், அவர் செருப்பைத் தேடுவார். எனக்காக அவர் காப்பாற்றி வைத்திருக்கும் அந்தப் பாதிப் பென்ஷன் கடைசிவரை என் கைக்கு வரவே கூடாது என்பதுதான் சாமியிடம் நான் வைக்கிற ஒரே வேண்டுதல்.