மெஹர் அக்காவின் ‘பை த வே’

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறிக்கொண்டிருந்தேன். பர்லியாரில் பேருந்து நின்றபோது போன் வந்தது. மெஹர் அக்காவின் மகன். “டீச்சர், அம்மா மௌத்தாயிட்டாங்க” என்று இறப்புச் செய்தியைச் சொன்னார். அடுத்து அவரே சொன்னார்: “எனிவே, நீங்க பாத்து வாங்க. மேல ரோட்ல மிஸ்டா இருக்கு.” தாயின் சொல்லை மகன் வாயில் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

குன்னூரில் எங்கள் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த யாருக்கும் மெஹருன்னிசா என்ற பெயரைவிட ‘ஆபீஸ் மெஹர் அக்கா’ என்றால்தான் தெரியும். பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். பேச்சு வேண்டாத பக்கம் போனால் ஒரு ‘பை த வே’ சொல்லி அதைத் திருப்பிவிடுவார். கொஞ்சம் முரண்டு பிடித்தால் ‘தட் ரிமைண்ட்ஸ் மீ’. அதற்கும் அடங்காவிட்டால் ‘எனிவே’. உங்களில் பலர் அதைக் கேட்டுச் சிரித்திருப்பீர்கள். நான் அதனால் பிழைத்தவள்.

கணவரை விட்டுப் பிரிந்து, கோயம்புத்தூரிலிருந்து வந்து தமிழாசிரியையாகச் சேர்ந்த புதிது. மதியச் சாப்பாட்டின்போது ஒரு மூத்த ஆசிரியை, “ஏனுங்க, ஊட்டுக்காரர் எங்க வேலையா இருக்காருங்க?” என்று கேட்டார். அறையில் இருந்த அத்தனை கண்களும் என் மேல். ஏதோ கையெழுத்து வாங்க வந்திருந்த மெஹர் அக்கா, “பை த வே, நம்ம குழாய்ல இன்னைக்கும் தண்ணி வரலையாமே?” என்றார். குன்னூரில் தண்ணீர் என்றால் யாருக்குத்தான் புலம்பல் இருக்காது? மணி அடிக்கும்வரை அதே பேச்சு. கை கழுவப் போனேன். குழாயில் தண்ணீர் கொட்டியது.

“எதுக்குக்கா இங்கிலீஷ்ல?” என்று பின்னாளில் கேட்டேன். “தமிழ்ல ‘அதை விடுங்க’ன்னு சொன்னா கோவிச்சுக்குவாங்க. ‘எனிவே’ன்னா டீசன்ட்டாப் பேசறோம்னு அவங்களே விட்டுருவாங்க” என்றார். பிறகு, “ஆனா ஒண்ணு டீச்சர். வலிக்கிற ஆளுக்காகத்தான் பேச்சை மாத்தணும். வலிக்க வைக்கிற ஆளுக்காக மாத்தக் கூடாது” என்றார்.

அதை அவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பது ஒரு மழைக்காலத்தில் புரிந்தது. எஸ்டேட் பக்கம் போகும் மாலைப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். சிறப்பு வகுப்பு முடிந்த பிள்ளைகள் தேயிலைக்குள்ளே நடந்து போனார்கள். அங்கே காட்டெருமைகள் மேயும். ஒருநாள் பத்தாம் வகுப்பு செல்வியின் அம்மா அலுவலகத்துக்கு வந்து, “டிசி குடுத்துருங்க. புள்ள உசுரோட இருந்தாப் போதும்” என்றார். மெஹர் அக்கா டிசி எழுதவில்லை. “நாளைக்கு லீவு போடுங்க. கூடவே நாலு அம்மாக்களைக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

பேருந்து விவகாரத்தைப் பார்க்கும் அதிகாரி இனிமையாகப் பேசும் மனிதர். மறுநாள் அம்மாக்களோடு அவர் அலுவலகத்துக்குப் போய் நாங்கள் விஷயத்தைச் சொன்னதும், “பை த வே, உங்க ஸ்கூல் ஆண்டு விழா எப்போ?” என்றார். அக்கா பதில் சொல்லிவிட்டு, “பஸ்ஸு சார்” என்றார். “தட் ரிமைண்ட்ஸ் மீ, உங்களுக்கு டீ சொல்லவே இல்லையே!” என்றார் அவர். டீ வந்தது. யாரும் தொடவில்லை. “எனிவே...” என்று அவர் எழ முயன்றபோது அக்கா சிரித்துவிட்டார்.

“உக்காருங்க சார். இந்த மூணையும் வெச்சுத்தான் நானும் இத்தனை வருசம் ஆபீஸ்ல காலம் தள்றேன். பதில் இல்லாதப்பதான் சார் இது வாயில வரும். பஸ்ஸை நிறுத்தக் காரணம் இருந்தாச் சொல்லுங்க, போயிடறோம். இல்லைன்னா பஸ்ஸை விடுங்க.”

செல்வியின் அம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தார். அதிகாரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போனை எடுத்தார்.

திங்கட்கிழமை மாலை பேருந்து வந்தது. அக்கா தன் வீடு எதிர்த்திசையில் இருந்தும் பிள்ளைகளோடு ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போனார். நானும் போனேன். மூடுபனிக்குள் முகப்பு விளக்குகள் தெரிந்ததும், கொழுந்துக் கூடைகளோடு காத்திருந்த பெண்கள் கைதட்டினார்கள். ஓட்டுநர் பெருமை தாங்காமல் நீளமாக ஹாரன் அடித்தார். செல்வி முதலில் இறங்கினாள். இன்று அவள் கோத்தகிரியில் செவிலியாக இருக்கிறாள்.

நோய் வந்தபோதும் அக்கா அப்படியே இருந்தார். மருத்துவர் சாப்பாடு, தூக்கம் என்று சுற்றிச் சுற்றிப் பேச, “மாத்தாதீங்க டாக்டர், நேராச் சொல்லுங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மறுவாரமே எங்கள் எல்லோரையும் பைக்காரா ஏரிக்கு இழுத்துப் போனார். நீலகிரியில் பிறந்து வளர்ந்தும் அவர் படகில் ஏறியதே இல்லையாம். விசைப்படகு திரும்பியபோது தண்ணீர் முகத்தில் அடித்தது. “இன்னும் வேகமாப் போங்க தம்பி!” என்று கத்தினார். அக்கா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அவரைத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் அவருடைய ஒரு சொல் இருக்கும். நான் வைத்திருப்பது, அந்த அதிகாரியின் முன்னால் டீ ஆறிக்கொண்டிருக்க, பதில் வரும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த அவருடைய இருப்பை.