எண்ணூறு ரூபாய் டிக்கெட்

பித்தான் சாமந்தாவின் படிப்பைப் பற்றிச் சொல்லலாம் என்றால், அது இருந்தால்தானே! ஒரே ஒரு அரியர் பேப்பரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, பர்த்வான் கல்லூரி ஒன்றில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தான். அப்பா மினிபஸ் கண்டக்டர். யாராவது கேட்டால் மட்டும் 'போக்குவரத்துத் துறை' என்பான். மாணவர் சங்கத்தில் கலைச் செயலாளர். அந்தப் பதவிக்கு உள்ள ஒரே வேலை கலைவிழா நடத்துவது. அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை அதற்கு ஓசி பாஸ் கொடுப்பது.

எங்கள் ஊரில் டிக்கெட் வாங்கிப் பாட்டுக் கேட்பவன் நாதியில்லாதவன். நாலு பேரைத் தெரிந்தவனுக்கு பாஸ் வீடு தேடி வரும்.

சங்கத்தின் பொருளாளர் ஜிம்லி ஹால்தார் ஒழுங்காகக் கணக்குப் போட்டு வந்தாள். டிக்கெட் நூறு ரூபாய், பாஸ் கொஞ்சமாக, கையைக் கடிக்காது. பித்தான் மூஞ்சியைச் சுளித்தான்.

"நூறா? கல்கத்தாவிலேருந்து சினிமாப் பாடகர் வர்றாரு. எண்ணூறு போடு."

"எண்ணூறு குடுத்து யாரு பித்தான் தாதா வாங்குவா?"

"யாரு வாங்கச் சொன்னா? நூறு ரூபா பாஸைக் குடுத்தா வாங்கிப் பையில போட்டுட்டுப் போயிட்டே இருப்பான். எண்ணூறு ரூபா பாஸ்னா காலம்பூரா 'தாதா, தாதா'ன்னு அண்ணன் முறை கொண்டாடிப் பின்னாடியே வருவான். விலையே அதுக்குத்தான்!"

அடப்பாவி! ஜிம்லி கணக்குத் தாளை மடித்துவைத்தாள். கமிட்டியோ கைதட்டியது. தட்டாதா பின்னே? ஆளுக்கு ஒரு கட்டு பாஸ் உண்டே.

"அப்போ அட்வான்ஸ் போக பாடகருக்கு மிச்சப் பணம்?"

"வசூல்ல குடுத்துக்கலாம். குறைஞ்சா உங்க நாடகப் பணம் பீரோல சும்மாத்தானே தூங்குது?"

சும்மாவா? சிலிகுரி நாடகப் போட்டிக்குப் போக ஜிம்லியின் குழு டீ குடிப்பதைக்கூட நிறுத்திச் சேர்த்த பணம் அது. அன்றிலிருந்து பீரோ சாவியை அவள் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

பாஸுக்கென்று தனியாக அச்சடிக்கவில்லை. எண்ணூறு ரூபாய் டிக்கெட்டின் பின்பக்கம் பித்தான் கையெழுத்துப் போட்டால் அதுதான் பாஸ். ஊரே வாங்கிக்கொண்டது.

விழா அன்று ஜிம்லி டிக்கெட் மேஜையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜிப்பாவும் புதுப்புடவையுமாக வந்தவர்கள் பாஸை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார்கள். ஒரே ஒருவர் மட்டும் மேஜைக்கு வந்தார். இஸ்திரி போட்ட பழைய சட்டை, நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிய பத்தும் இருபதுமான நோட்டுகள்.

"ஒண்ணு குடும்மா."

அரங்கம் நிறைந்துவிட்டது, பாடகர் மட்டும் காரை விட்டு இறங்கவில்லை. மிச்சப் பணம் வந்தால்தான் கதவு திறக்குமாம். பித்தான் வியர்த்து வழிய ஓடிவந்து, தோள்பையை மேஜைமேல் எறிந்தான்.

"சாவியைக் குடு. என் மானம் போகுது!"

"போகட்டும். அது போறதுக்கு நாங்க டீ குடிக்காம கிடந்தோமா?"

"ஜிம்லி, கால்ல வேணா விழறேன்..."

"விழு. சாவி கிடைக்காது."

கார் திரும்பிப் போயே விட்டது. உடனே கிளம்பியது பாருங்கள் ஒரு கூச்சல்! "எண்ணூறு ரூபாயை எடுத்து வை! திருட்டுப் பயலே!" காலணா கொடுக்காதவன்தான் டிக்கெட்டின் முன்பக்கத்தைக் காட்டி அதிகம் கத்தினான். நேற்றுவரை தாதா என்று வாலாட்டிய வாய்களா இவை, தூ! பித்தான் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடினான்.

கூட்டம் கலைந்ததும், பணம் கொடுத்த அந்த ஒரே மனிதர் ஓரமாக நின்றிருந்தார். ஜிம்லி அவருடைய நோட்டுகளை அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

"யாருகிட்டயாவது பாஸ் கேட்டிருக்கலாமேய்யா?"

"மகன்கிட்ட கேட்டேம்மா. தீர்ந்துபோச்சுன்னான். அவன் நடத்துற விழா, பாக்காம இருக்க மனசு கேக்கல. பித்தான்னு பேரு, தெரியுமா உனக்கு?"

ஜிம்லி மேஜைமேல் கிடந்த தோள்பையை எடுத்து அவரிடம் நீட்டினாள். "அவன் பைதான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

வாங்கும்போது பை வாய் திறந்துகொண்டது. உள்ளே கையெழுத்துப் போட்ட பாஸ்கள், ரப்பர் பேண்ட் போட்டு, தடித்த கட்டாக. கண்டக்டர் பழக்கம், கட்டைவிரலால் ஓரத்தைச் சர்ரென்று ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

"இவ்வளவு மிச்சமா?" என்றார்.