குசினி இல்லாத அறை

1,286. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மூதூரில் ஒரு சாப்பாட்டு மேசையிலிருந்து புறப்படும் மின்னஞ்சல் இத்தனை பேருக்குப் போகிறது. அதன் பெயர் ‘இறங்குதுறை’. எழுதுபவர், தொகுப்பவர், எழுத்துப்பிழை பார்ப்பவர், வாசகர் ஏசினால் வாங்கிக்கொள்பவர் எல்லாம் ஒரே ஆள்: இன்ஷிரா, வயது முப்பத்துநான்கு. வார நாட்களில் திருகோணமலை நகரில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை செய்கிறார்.

2022இல், எரிபொருள் தட்டுப்பாட்டு நாட்களில் தொடங்கிய வேலை இது. எந்த நிரப்பு நிலையத்துக்குப் பெற்றோல் வருகிறது என்பதுதான் அப்போது ஊரின் ஒரே செய்தி. தன்னுடன் படித்த சிலருக்கு இன்ஷிரா அதை எழுதி அனுப்பினார். வரிசையில் பக்கத்தில் நின்றவர் கையில் வைத்திருந்த புத்தகத்தைப் பற்றியும் கூடவே நாலு வரி எழுதினார். பெற்றோல் வந்தது, வரிசை போனது, கடிதம் மட்டும் நிற்கவில்லை. நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகங்கள், கட்டைபறிச்சானில் வயலில் நெல் வெட்டுத் தொடங்கிய செய்தி, பாணின் நிறை ஏன் குறைந்தது என்று பேக்கரிக்காரர் சொன்ன சமாளிப்பு எல்லாம் இப்போது அதில் வருகின்றன. தோஹாவிலும் வாசிக்கிறார்கள், அடுத்த தெருவிலும் வாசிக்கிறார்கள். முகநூலில் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இன்ஷிராவிடம் ஒரே பதில்தான்: அங்கே சண்டை பிடிப்பார்கள், இங்கே பதில் எழுதுகிறார்கள்.

பதில் எழுதுகிறவர்களில் ஒருவர் ஸஜ்ஜாத். குச்சவெளிப் பக்கம் ஓர் உப்பளத்தில் மேற்பார்வையாளர். இன்ஷிராவை விட மூன்று வயது கூட. வருடம் முழுக்க அங்கே உப்பு விளைகிறது என்று ‘இறங்குதுறை’ ஒருமுறை எழுதிவிட, மாரியில் பாத்திகள் குளமாகக் கிடக்கும், அப்போது விளைவது பறவைகள் மட்டும்தான் என்று திருத்தி எழுதினார். அந்த வரியை இன்ஷிரா அடுத்த கடிதத்தில் அப்படியே போட்டார். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பகல் பன்னிரண்டு மணிக்கு முன் அவருடைய பதில் வந்துவிடும். பெரும்பாலும் ஒரு புத்தகத்தைப் பற்றி, சில நேரம் காற்றைப் பற்றி. நகர நூலகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் இருவரும் நேரிலும் கண்டு கதைத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் நடுவில், தேத்தண்ணிக் கோப்பையுடன்.

இன்ஷிராவின் வாப்பா ஸெய்னுதீன் மூதூர் – திருகோணமலை லோஞ்சுப் படகு ஓட்டி ஓய்ந்தவர். அவரிடம் எதையும் ஒளிக்க ஏலாது. சனிக்கிழமை பகலானால், “இன்டைக்கு உப்புக்காரர் என்ன சொல்றார்?” என்று கேட்பார். மகள் அரைவாசியை வாசித்துக் காட்டுவார். மற்ற அரைவாசியை அவர் கேட்பதில்லை.

இந்த வருடம் சித்திரைக்குப் பின் கடிதத்துக்கென்று ஓர் அறை கட்ட இன்ஷிரா முடிவெடுத்தார். சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்தால் உம்மா றுக்கியா குசினியில் சமைத்த கறிச்சட்டியை எங்கே வைப்பது? வீட்டைச் சுற்றிய வளவில் பூவரச மரத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்து, மேசனைப் பிடித்தார்கள். அந்தச் சனிக்கிழமைக் கடிதத்தின் கடைசிப் பந்தி இப்படி இருந்தது: “எங்கள் வளவில் நேற்று அத்திவாரம் போட்டோம். பூவரசை வெட்ட வாப்பா விடவில்லை. துஆச் செய்யுங்கள்.” கீழே ஒரு படம். வெட்டிய மண், நூல் கட்டிய முளைகள், சாரத்தை மடித்துக் கட்டி நிற்கும் ஸெய்னுதீன்.

இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டைப் பெண்ணின் பெற்றோர் கட்டிக் கொடுப்பார்கள். குமர்ப்பிள்ளை இருக்கிற வளவில் அத்திவாரம் விழுந்தால், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. யார் மாப்பிள்ளை என்றுதான் கேட்பார்கள். இன்ஷிரா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் அன்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது மேசையும் ஜன்னலும் மட்டும்தான்.

ஒன்பது மணிக்குள் வாழ்த்துகள் குவிந்தன. தோஹாவிலிருந்து மாமி மகள் நஸ்ரின், சாறிக்கு என்ன நிறம் என்று கேட்டிருந்தார். அறுபது வயது வாசகர் ஒருவர் நிக்காஹ்வுக்குப் பிறகும் கடிதம் வருமா என்று கவலைப்பட்டிருந்தார். இன்ஷிரா சிரித்துக்கொண்டே ஒவ்வொருவருக்கும் விளக்கம் எழுதத் தொடங்கினார். பன்னிரண்டு மணி தாண்டியது. குச்சவெளியிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. சிரிப்பு அதோடு நின்றது.

அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அன்று வாப்பா உப்புக்காரரைப் பற்றிக் கேட்கவுமில்லை.

“நான் அறையைப் பற்றித்தானே வாப்பா எழுதினனான்?”

“அறை என்டு எங்க எழுதினீங்க மகள்? அத்திவாரம் என்டுதான் எழுதினீங்க. நானும் படத்தில மாமனார் மாதிரித்தான் நிக்கிறன்.”

உம்மாவுக்கு இந்தப் பிழை பிடித்திருந்தது. ஊர் அப்படியே நினைக்கட்டும், சும்மா இருந்த தரகர்மாரும் ஒருக்கா எட்டிப் பார்ப்பார்கள் என்றார். திருத்தம் கிருத்தம் என்று எழுதி, கலியாணம் இல்லை என்று உலகத்துக்கே சொல்லப்போகிறாயா என்று மகளைக் கடிந்துகொண்டார்.

இன்ஷிராவின் சிக்கல் வேறு. ஸஜ்ஜாத்துக்குத் தனியாக எழுதலாம். ஆனால் எனக்குக் கலியாணம் பேசவில்லை என்று ஓர் ஆணுக்குத் தனியாக எழுதினால், அந்த ஒரு வரியிலேயே எல்லாம் சொன்னதாகிவிடும். அவர் மனதில் ஒன்றும் இல்லாவிட்டால், பிறகு அந்த முகவரிக்குக் கடிதம் அனுப்பவே கை வராது. எழுதாமல் விட்டால் அவர் இப்படியே போய்விடுவார். மிச்சம் இருந்தது ஒரு வழிதான்: எல்லோருக்கும் எழுதுவது.

மூன்றாவது சனிக்கிழமை, நூலகச் செய்திக்கும் மீன் விலைக்கும் நடுவில், ‘திருத்தம்’ என்ற தலைப்பில் இது வந்தது: “எங்கள் வளவில் எழும்புவது ஓர் அறை. இந்தக் கடிதத்தை எழுத. உள்ளே ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு புத்தக அலுமாரி. குசினி இல்லை.”

கடைசி இரண்டு சொற்கள் போதும். கட்டிக் கொடுக்கிற வீட்டுக்குக் குசினி இல்லாமல் இராது. அது இல்லையென்றால் மாப்பிள்ளையும் இல்லை.

நஸ்ரின் ஓர் அழுகை முகத்தை அனுப்பினார். சாறி வாங்கியாகிவிட்டதாம். எட்டு மணியானது, ஒன்பதானது. உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். பத்தரைக்குக் குச்சவெளியிலிருந்து பதில் வந்தது. இன்ஷிரா அதை எழுந்து நின்றுதான் வாசித்தார்.

வேறொருவருக்கு நிச்சயமான பிள்ளைக்குக் கிழமைக்குக் கிழமை எழுதுவது மரியாதையில்லை என்று நிறுத்திக்கொண்டேன், வாசிப்பதை நிறுத்த மட்டும் முடியவில்லை என்று எழுதியிருந்தார் ஸஜ்ஜாத். புத்தகம் எதுவும் இல்லை, காற்றும் இல்லை. முடிவில் ஒரே ஒரு வரி: “எங்கட உம்மா ஒன்று கேட்கச் சொன்னா. அந்த வளவில் குசினிக்கு இடம் இருக்குமா?”

இந்த முறை இன்ஷிரா முழுவதையும் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினார். ஸெய்னுதீன் வெளியே போய்ப் பூவரசடியில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வந்தார்.

“கிணத்துப் பக்கம் தாராளமா இருக்கு என்டு எழுதுங்க மகள்.”

“நீங்க எழுதுங்க வாப்பா. இது பெரியாக்கள் பேசுற கதை.”

“எனக்கு ஈமெயில் ஏலாது. நான் சொல்றன், நீங்க அடிங்க.”

குசினி வாசலில் மீன் கத்தியோடு நின்ற றுக்கியா, பெண் பார்க்க வருகிற ஆட்களுக்கு இறால் பிடிக்குமா என்றும் சேர்த்துக் கேட்கச் சொன்னார். தரகர்மாரைப் பற்றிப் பிறகு அவர் கதைக்கவே இல்லை.

ஸஜ்ஜாத்தின் உம்மாவும் பெரிய வாப்பாவும் போன ஞாயிறு வந்துபோனார்கள். கரைவீதி பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து மூதூர் பஸ் பிடித்து. இறால் பிடித்திருந்தது. பெரிய வாப்பா முதலில் பார்க்கக் கேட்டது பாதி எழும்பிய அறையைத்தான். கதவை எந்தப் பக்கம் வைத்தால் காற்று வரும் என்று அவருக்கும் ஸெய்னுதீனுக்கும் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. அறை கடிதத்துக்குத்தான், அதில் கட்டில் போட விடமாட்டேன் என்று இன்ஷிரா முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பின்னால் இன்னும் இரண்டு அறைக்கு இடம் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை, கிணற்றுப் பக்கம் குசினிக்கு அத்திவாரம் வெட்ட மேசன் வருகிறார்.