அக்காவின் கடைக்குச் சொந்த முகவரி

நான் குடியிருக்கும் கட்டடத்தில் கதவு எண்கள் கிடையாது. பாரிஸிலிருந்து வடக்கே ரயிலில் அரை மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். ஆறு மாடி, முப்பத்தெட்டுக் குடும்பங்கள். எந்தக் கதவிலும் எண் இல்லை. கீழே வாசலுக்குள் நுழைந்ததும் சுவரில் வரிசையாகத் தகரப் பெட்டிகள் இருக்கும். ப்வாத் ஓ லெத்ர் என்று சொல்வார்கள், கடிதப் பெட்டி. அதில் உங்கள் பெயர் இருந்தால் நீங்கள் அங்கே வசிக்கிறீர்கள். இல்லாவிட்டால், மாடியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாலும் தபால்காரருக்கு நீங்கள் அங்கே இல்லை. வந்த புதிதில் எனக்கு வந்த இரண்டு கடிதங்கள் அப்படித்தான் திரும்பிப் போயின. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் போய் என் பெயர் சரவணன் என்றேன். அவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, அது வீட்டார் கூப்பிடும் பெயர் என்று தள்ளிவிட்டு, குடும்பப் பெயர் என்ற இடத்திலிருந்த அப்பாவின் பெயரான ஏழுமலையை எழுதி ஒட்டினார். இந்த நாட்டில் ஆறு வருடமாக நான் மெஸியே எஜுமலே, திருவாளர் ஏழுமலை. அப்பா ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை.

போன மாசி மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊரில் சிறு தொழில் செய்பவர்களுக்கும், என்னைப்போல் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு வீட்டுத் தொழிலுக்குக் ‘கம்ப்யூட்டர் வேலை’ பார்த்துக் கொடுப்பவர்களுக்கும் இது உதவலாம். அதைவிட, தவறு என்னுடையது என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அக்கா தேன்மொழிக்கு வில்லியனூரில், ரயில்வே ஸ்டேஷன் போகும் வழியில், ஒரு வாடகை அறையில் தையல் கடை. மூன்று மெஷின், இரண்டு பெண்கள். அவர்கள் தைப்பது ஜாக்கெட்டோ சுடிதாரோ அல்ல. தீக்காயம் பட்டு ஆறியவர்கள் உடம்போடு இறுக்கமாகப் போட்டுக்கொள்ளும் உடை. பிரஷர் கார்மெண்ட் என்பார்கள். தோல் தடித்து மேலெழாமல், மூட்டு மடங்கிப்போகாமல் அது அமுக்கிப் பிடித்திருக்கும். குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க, மாதக்கணக்கில் போட வேண்டும். துணி தளர்ந்தால் மாற்ற வேண்டும். விரல் அகலத்துக்கு விரல் அகலம் சுற்றளவு எடுத்து, அந்த அளவுத்தாளை ஆஸ்பத்திரியிலிருந்து மின்னஞ்சலில் அனுப்புவார்கள். அக்கா அதை வைத்து வெட்டுவாள். யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தார். வேலை பரவி, கடலூர், திண்டிவனம், சேலம் வரைக்கும் போனது.

கடைக்கு மின்னஞ்சல் உண்டாக்கியது நான்தான். அப்போது திருபுவனையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடத்தில் இலவசமாக ஒரு முகவரியைத் திறந்து, பாதுகாப்புக்கு என் போன் நம்பரைக் கொடுத்தேன். உடையின் உள்பக்கம் தைக்கும் சின்ன லேபிளில் போன் நம்பர் போடலாமா என்று அக்கா கேட்டாள். நம்பர் மாறும், மெயில் மாறாது, மெயிலையே போடு என்று நான்தான் பெரிய மனிதன்போலச் சொன்னேன். பிறகு புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து இங்கே வந்தேன். பழைய சிம்முக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. அது செத்துப்போனது. அதைப் பற்றி ஒரு நாளும் நினைக்கவில்லை.

அக்காவின் போன் துணி அலசும் வாளியில் விழுந்திருக்கிறது. புதுப் போன் வாங்கி, அதே சிம்மைப் போட்டாள். பேச முடிந்தது. ஆனால் மின்னஞ்சல் பாஸ்வேர்டு கேட்டது. அவளுக்கு அது நினைவில் இல்லை, எழுதியும் வைக்கவில்லை. தெரிந்ததையெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு கட்டத்தில், 47 என்று முடியும் நம்பருக்கு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்று வந்திருக்கிறது. என் பழைய நம்பர். எனக்குத் தொந்தரவு வேண்டாமென்று பத்தொன்பது நாள் சொல்லாமலே இருந்தாள். வேறொரு இலவச முகவரி திறந்து, நம்பர் தெரிந்த மூன்று ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். இரண்டு இடத்தில் ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவது பெரிய இடம். யார் வேண்டுமானாலும் இப்படி ஒரு முகவரி திறக்கலாம், எங்களிடம் இருக்கும் பழைய முகவரியிலிருந்து எழுதினால்தான் மாற்றுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. மற்றவர்கள் யார், எத்தனை பேர் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை.

“காயம் நமக்காகக் காத்துகினு இருக்காதுடா சரவணா. யாருக்குக் கை மடங்குதோ, எனக்கு இன்னா தெரியும்?” என்று இருபதாம் நாள் போனில் அவள் சொன்னபோது குரல் தட்டையாக இருந்தது. அழுதிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் வேலையிடத்தில் பத்து மணி இடைவேளை. நான் ஒரு சூப்பர்மார்க்கெட் கிடங்கில் வேலை பார்க்கிறேன். போன் லாக்கரில்தான் இருக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு மட்டும் எடுக்கலாம். பின்பக்கப் படிக்கட்டில் நின்றுகொண்டு என் பழைய நம்பருக்கு நானே போன் செய்தேன். மணி போனது. ஒரு பெண் எடுத்தாள். பின்னால் பஸ் சத்தம். நான் சொல்லி முடிப்பதற்குள், ஓடிபி என்ற சொல்லைக் கேட்டதும் வைத்துவிட்டாள். திரும்பச் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை ஓர் ஆண் எடுத்து, வெளிநாட்டு நம்பரிலிருந்து பொம்பளைக்குப் போன் போடுகிறாயா, போலீஸில் கொடுத்துவிடுவேன் என்றார். நான் கத்தினேன். இது என் நம்பர், என் நம்பர் என்று தமிழில் கத்தினேன். நான்காவது முறை போன் போகவே இல்லை. தடுத்துவிட்டார்கள்.

படிக்கட்டில் என்னோடு வேலை செய்யும் திதியே என்பவர் நின்றிருந்தார். ஐம்பது வயது தாண்டியவர், அதிகம் பேசாதவர். என்ன ஆயிற்று என்று கேட்டார். மின்னஞ்சல், பாஸ்வேர்டு, பழைய எண் என்று விளக்க எனக்கு அந்த நேரத்தில் பிரெஞ்சு வரவில்லை. “ஜே பெர்து மொன் அத்ரெஸ்” என்றேன். என் முகவரியைத் தொலைத்துவிட்டேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். வேலை முடியும்போது மேற்பார்வையாளர் கூப்பிட்டு, நாளைக்கு வர வேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டோம், முதலில் குடும்பத்துக்கு ஓர் இடம் பார் என்றார். திதியே ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். வீடில்லாதவர்களுக்கு உதவும் அலுவலகத்தின் நம்பர். என்னை வீட்டிலிருந்து துரத்திவிட்டார்கள் என்று புரிந்துகொண்டிருந்தார்கள். திருத்தியிருக்க வேண்டும். அந்த ஒரு நாள் எனக்குத் தேவைப்பட்டது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கு வரை அது உறுத்துகிறது.

அன்று மாலை அக்கா தன் நம்பரிலிருந்து பேசினாள், என்னையும் இணைப்பில் வைத்துக்கொண்டு. நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவள் நிபந்தனை. அந்தப் பெண்ணின் பெயர் அஞ்சலை. மூலக்குளத்தில் வீடு. வேலை, நான் பார்த்த அதே திருபுவனையில், வேறொரு கம்பெனியில். சில நாளைக்கு முன்னால் அவள் போனுக்குத் தொடர்ந்து ரகசிய எண்கள் வந்து, பயந்து அழித்திருக்கிறாள். அக்கா முட்டி மோதியபோது போனவை அவை. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி இப்படி எண்ணைச் சொல்லிப் பணத்தை இழந்தவளாம். சொல்ல மாட்டேன் என்றாள். அக்கா கெஞ்சவில்லை. கடை எங்கே இருக்கிறது, என்ன தைக்கிறோம், இந்த நம்பர் யாருடையதாக இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சரவணன் என்ற பெயரைச் சொன்னதும் அஞ்சலை குறுக்கிட்டாள்.

“அந்த சரவணனா? வருஷக்கணக்கா அவரக் கேட்டு எனக்குத்தான் போன் வருது. பாஸ்கர்னு ஒருத்தர், அவங்க அம்மா செத்த அன்னிக்கு என்கிட்டதான் அழுதாரு. நான் சரவணன் வூட்டம்மான்னு நெனச்சிகினு, அவன வரச் சொல்லும்மா, அம்மா அவனக் கேட்டுகினே இருந்துச்சின்னாரு. ராங் நம்பர்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

பாஸ்கர் என்னோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவன். அவன் அம்மா எனக்கும் சேர்த்து டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுத்தவர். வந்த இரண்டாம் வருடமே எங்கள் பேச்சு நின்றுபோனது. நான் வெளிநாடு போனதில் அவனுக்கு வருத்தம் என்று நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன். அந்த அம்மா இறந்து நாலு வருடம் ஆகிவிட்டதை, என் நம்பரில் இருக்கும் ஒரு முன்பின் தெரியாத பெண் சொல்லித் தெரிந்துகொண்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அஞ்சலை கடைசியில் ஒன்று சொன்னாள். போனில் எதுவும் சொல்ல மாட்டாள். நாளை ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு வில்லியனூர் மாதா கோயில் வாசலுக்கு அண்ணனோடு வருவாள். நேரில் பார்த்து, மனசு ஒப்பினால் பார்க்கலாம்.

அக்கா ஒரு பையில் தைத்து முடித்த கையுறை இரண்டு, பில் புத்தகம், என் பழைய கம்பெனி அடையாள அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். இங்கே பதினொன்றரை மணி. நான் வீடியோவில் இருந்தேன். அஞ்சலையின் அண்ணன் அடையாள அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அஞ்சலை கையுறையை வாங்கி, உள்ளே வெளியே திருப்பி, விரலைவிட்டு இழுத்துப் பார்த்தாள். அவளும் மெஷினில் வேலை பார்ப்பவள், தையல் தெரிந்த கை. சரி, அனுப்பச் சொல்லுங்க என்றாள். வழக்கமாக நான் கம்ப்யூட்டரில் செய்வதை, நான் சொல்லச் சொல்ல அக்கா தன் போனில் செய்தாள். முன்னமே பலமுறை தவறாகப் போட்டதால், இன்னும் தவறினால் பல நாளைக்குப் பூட்டிவிடுவோம் என்று எச்சரிக்கை நின்றது. ரகசிய எண் அஞ்சலையின் போனுக்கு வந்தது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்காவின் போனை வாங்கி, திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, தானே ஒவ்வோர் எண்ணாக அடித்தாள். எங்கே போகிறது என்று தன் கண்ணால் பார்த்தாள். திரையில் வட்டம் சுற்றியது. திறந்தது.

“மொதல்ல என் நம்பர அதுலேர்ந்து எடுத்துடுங்கக்கா. இனிமே இது அவரு நம்பர் இல்ல” என்றாள் அஞ்சலை. அக்கா அங்கேயே நின்று எடுத்தாள்.

உள்ளே முப்பத்தொரு கடிதங்கள். பெரும்பாலானவை அளவுத்தாள்கள். கடலூர்ப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை நாலு முறை எழுதியிருந்தார். எண்ணெய் கொட்டிய வலது கை. முதல் கடிதத்தில் வணக்கம் இருந்தது, நாலாவதில் இல்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் நிமிரவில்லை, கடையை மூடிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரே வரி. அக்கா மறுநாளே அதைத் தைத்து முடித்து, கூரியரில் போடாமல் தானே பஸ் ஏறிப் போனாள். அந்த அம்மா கதவைத் திறந்து, கையுறையைப் போட்டுக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மோதிரவிரல் பயிற்சியில் நிமிர்ந்துவிட்டது. சுண்டுவிரலுக்கு ஆபரேஷன் வேண்டியிருந்தது. எங்கள் தாமதத்தாலா, எப்படியும் அப்படித்தான் ஆகியிருக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. அக்கா கேட்கவும் இல்லை.

அந்த வாரமே கடையின் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணையத்தில் சொந்த முகவரி, வாங்கினேன். ஆண்டுக்கு ஆகிற செலவு, அக்கா ஒரு மாதத்தில் வாங்கும் நூல்கண்டுக்குக் குறைவு. கடையின் பெயரிலேயே ஒரு சிறு இணையதளம், கடையின் பெயரில் முடியும் மின்னஞ்சல்கள். அளவுத்தாளுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, தைக்கும் பெண்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று. ஒருவர் போன் வாளியில் விழுந்தால் இன்னொருவர் திறக்கலாம். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அந்த முகவரியைக் கடை வைத்துக்கொள்ளும். மின்னஞ்சல் தரும் கம்பெனி பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், முகவரி மாறாது. அளவுத்தாளை ஆஸ்பத்திரிகள் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். எங்கே அளக்க வேண்டும் என்று படமும் இருக்கிறது. மாற்ற மறுத்திருந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரி, பழைய முகவரியிலிருந்து நாங்கள் எழுதியதும், தளத்தைப் பார்த்துவிட்டு, ஒரே நாளில் புது முகவரியைப் பதிவு செய்துகொண்டது. இலவசமாகக் கிடைத்த இடத்தில் பத்து வருடம் கடை நடத்தினோம். நன்றாகத்தான் நடந்தது. ஆனால் சாவி எங்கே இருக்கிறது என்று தேவைப்பட்ட அன்றுதான் தேடினோம்.

எல்லாம் முடித்துப் பெருமையாக அக்காவிடம் சொன்னேன். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், விட்டுவிட்டால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள், அதனால் என் கார்டிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிட்டேன் என்றேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“யார் பேர்ல வாங்கியிருக்க?”

“என் பேர்லதான்க்கா.”

“என் பேருக்கு மாத்துடா. நீ நல்லதுக்குத்தான் செய்வ. ஆனா நீ அங்க கீற.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நாள் மாற்றினேன். அக்காவின் பெயர், வில்லியனூர்க் கடையின் முகவரி, அக்காவின் கார்டு. ஒரு பாஸ்வேர்டுகூட இப்போது என்னிடம் இல்லை. பாஸ்கருக்கும் அந்த வாரம்தான் பேசினேன். “அம்மா போட்டோ அனுப்புறேன் பாரு” என்றான். வேறெதுவும் கேட்கவில்லை. திதியேவிடம் மட்டும் உண்மையைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. வீடு கிடைத்ததா என்று அவர் கேட்டபோது, கிடைத்தது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, தளத்தில் கடைக்காரர்களின் படம் போடுகிறோம், நீயும் ஒன்று அனுப்பு என்று அக்கா கேட்டாள். கிடங்கு வாசலில் எடுத்த ஒன்றை அனுப்பினேன். தடித்த குளிர்க்கோட்டு, காதை மூடிய தொப்பி, வாயிலிருந்து புகைபோல மூச்சு. மேலே அக்கா, பக்கத்தில் இரண்டு பெண்கள் பூப்போட்ட புடவையில், கீழே நான். என் படத்துக்கு அடியில் ‘சரவணன், கம்ப்யூட்டர் வேலை, வில்லியனூர்’ என்று எழுதியிருந்தாள். மாற்றச் சொல்ல வேண்டுமென்று போன் செய்தேன். அவள் எடுத்து, இருடா என்று போனை மேஜையில் வைத்தாள். கடையில் யாரோ வந்திருந்தார்கள். வயதான ஓர் ஆண் குரல், தளத்தில் பார்த்தேன், இந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பார்க்கிற சரவணன் இருக்கிறாரா என்று கேட்டது. மெஷின் சத்தம் ஒரு கணம் நின்றது.

“வெளிய போயிருக்குது, வந்துடும். உக்காருங்க” என்றாள் அக்கா.

மெஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவர் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.