பெயிண்டர் வரைந்த அலை

ஆற்றங்கரைக் கிடங்கின் சுவரில் ஐந்து சிவப்புக் கோடுகள் இருந்தன. ஐந்தையும் போட்டவர் பெயிண்டர்தான். ஒவ்வொரு முறை வெள்ளம் வடிந்ததும் பிரஷ்ஷோடு போய், தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் வருஷத்தையும் எழுதிவிட்டு வருவார். யாரும் சொல்லவில்லை, கூலியும் கிடையாது.

"வீடு முழுக்க சேறு கெடக்கு, இவரு சரித்திரம் எழுதப் போயிட்டாரு" என்று மனைவி திட்டுவாள்.

இப்போது கிடங்கை ஒரு கம்பெனி வாங்கி அடுக்குமாடி வீடுகளாக்குகிறது. கரைக்குப் புதுப் பெயர், சந்துக்குப் புதுப் பெயர். சாக்கடை நாற்றத்துக்குத்தான் இன்னும் பெயர் வைக்கவில்லை. கோடுகளைப் பார்த்தால் வீடு வாங்க வருகிறவர்களின் மனசு கஷ்டப்படுமாம். அழிப்பதற்குப் பெயிண்டரையே கூப்பிட்டார்கள். தன் கையெழுத்தைத் தானே அழிக்க ஒரு கொடுப்பினை வேண்டுமே! அழித்தார். அதோடு விட்டார்களா? அதே சுவரில் அழகாக ஓர் அலை வரையச் சொன்னார் விற்பனை மேனேஜர்.

பெயிண்டர் மேல்கோடு இருந்த இடத்திலேயே அலையின் உச்சியை வைத்தார். தரைத்தளத்து ஜன்னலுக்கு ஒரு முழம் மேலே.

"அடடா, நிஜத் தண்ணி மாதிரியே இருக்கே! எப்படிங்க இவ்வளவு கரெக்டா?"

"போன தடவை அதுவரைக்கும்தான் சார் வந்துச்சு."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் இங்க ஒரு வீடு எடுத்திருக்கேன், தரைத்தளம். தண்ணியப் பக்கத்துல பாக்கணும்னு என் வீட்டுக்காரிக்கு ஒரே ஆசை."

பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவி வைத்தார்.

"கண்டிப்பா பாப்பாங்க சார்."