லைன் மேல் போட்ட பழி

நாங்கள் ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டில், திரையின் கீழ் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். சண்டை முடிந்ததும் ஆடின இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வரி எழுதிக்கொள்ள அது. அதில் என் மாப்பிள்ளை முதன்முதலாக "லைன் சரியில்லடா" என்று எழுதியது ஒரு மத்தியானம், சாப்பாட்டு வேளையில். நான் விழுப்புரத்தில் ஒரு கேபிள்காரரிடம் இன்டர்நெட் லைன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஆபீஸ் கம்ப்யூட்டர் என் கையில். அவன் திண்டிவனத்தில் தன் வீட்டில் இருந்தான். அந்த வீட்டுக்கு லைன் கொடுத்தது அதே தொழிலில் இருக்கும் என் நண்பர் ஒருவர். ஆனால் கம்பத்தில் ஏறி ஒயரை இழுத்தது நான். அப்படி இருக்க, லைன் சரியில்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும்? சமையல்காரனைப் பார்த்து உப்பில்லை என்று சொன்ன மாதிரி சுருக்கென்றது. "ஒழுங்கா ஆடத் தெரியலன்னா லைன் இன்னாடா பண்ணும்" என்று எழுதிவிட்டுச் சோற்றைப் பிரித்தேன்.

மாப்பிள்ளை என்று சொல்கிறேனே தவிர, அவன் முதலில் என் தாய்மாமன் மகன். என்னைவிட நாலு மாதம் சின்னவன். மாமா வீடு திண்டிவனம், எங்கள் வீடு விழுப்புரம். பள்ளிக்கூட லீவு விட்டால் நான் அங்கே, இல்லையென்றால் அவன் இங்கே. பிறகு என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்தன்றே அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் அவனை வாடா போடா என்று பேசக் கூடாது என்று கண்டித்தாள். அதனால் நாலு பேர் எதிரில் "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க" என்பேன். அவனும் முகத்தை வைத்துக்கொண்டு "இருக்கட்டும் மச்சான்" என்பான். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்குவது பெரிய பாடு. டா போட்டுப் பேச எங்களுக்கு மிச்சமிருந்த இடம் விளையாட்டு ஒன்றுதான்.

அது தொண்ணூற்று மூன்று, நான்கு வாக்கில் தொடங்கியது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடை மாடியில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார்கள். மூன்று மிஷின். இரண்டில் கார், பந்து என்று ஏதோ ஓடும். யாரும் சீண்ட மாட்டார்கள். மூன்றாவதில்தான் சண்டை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, திரையில் ஆளுக்கு ஒருவனைத் தேர்ந்தெடுத்து அடித்துக்கொள்ள வேண்டும். நான் எப்போதும் ஒரு மல்யுத்தக்காரனை எடுப்பேன். அவனுக்குத் தடியன் என்று பேர் வைத்திருந்தோம். மாப்பிள்ளை எடுப்பது கால் நீண்ட ஒல்லி ஆளை. அவன் பேர் குச்சி. உண்மையான பேர் என்னவென்று திரையில் இங்கிலீஷில் வரும். படிக்க எங்களுக்குப் பொறுமை இருந்ததில்லை. குச்சி எகிறிக் குதித்து, இறங்கி வரும்போது அந்தரத்திலேயே ஒரு உதை விடுவான். அந்த உதை தடியன் மண்டையில் இறங்காத நாள் கிடையாது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. தோற்றவன் "பட்டன் வேலை செய்யல" என்று மிஷின் மேல் பழி போட்டால், கடைக்கார அண்ணன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோர் எதிரிலும் அந்தப் பட்டனை அழுத்திக் காட்டுவார். வேலை செய்யவில்லையென்றால் இன்னொரு ஆட்டம் இலவசம். வேலை செய்தால் போச்சு. மொத்தக் கூட்டமும் "ஓ" என்று கத்தும். படி இறங்கிப் போகும் வரைக்கும் கத்தும். நான் அந்த ஓசையை நிறைய தடவை வாங்கியிருக்கிறேன். எனக்குத் தோற்க வராது; ஏதாவது ஒன்றின் மேல் பழி போட்டே ஆக வேண்டும். மாப்பிள்ளை அப்படியில்லை. தோற்றால் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு நகர்ந்து நிற்பான். மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அந்த மாடியில் ஒரு தடவைகூட ஓசை வாங்காதவன் அவன் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன். இதை நான் ஞாபகம் வைத்திருந்திருக்க வேண்டும்.

கடையை மூடி, நாங்கள் வேலைக்குப் போய், கல்யாணம் காட்சி எல்லாம் ஆன பிறகு, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில் எனக்கு எமுலேட்டர் கிடைத்தது. பயப்படும்படி அதில் ஒன்றுமில்லை. அந்தக் காலத்து மிஷின் மாதிரியே நம் வீட்டுக் கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் ஒரு சாப்ட்வேர், அவ்வளவுதான். இன்டர்நெட் இருந்தால் வேறு வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேர் மோதலாம். முதல் வாரம் முன்பின் தெரியாத பிரேசில்காரர்களோடு ஆடிப் பார்த்தோம். துவைத்துக் காயப் போட்டுவிட்டார்கள். நமக்கு நாமே போதும் என்று நானும் அவனும் மட்டும் ஆடத் தொடங்கினோம். கீபோர்டில் ஆட அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு தச்சரிடம் பிளைவுட்டில் பெட்டி அடித்து வாங்கி, இடது பக்கம் ஆளை நகர்த்தும் ஸ்டிக்கும் வலது பக்கம் குத்துக்கும் உதைக்கும் ஆறு பட்டனும் பொருத்தி, பழைய மிஷினின் முகத்தையே மடியில் வைத்துக்கொண்டான். அவன் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். ஒரு நாள் வண்டி, ஒரு நாள் ஓய்வு. ஓய்வு நாள் மத்தியானம் ஒரு மணி நேரம் எங்களுக்கு. குடும்பக் கதை, உடம்பு, பிள்ளைகள் படிப்பு எதுவும் பேச மாட்டோம். எழுதுவதெல்லாம் "இன்னாடா தூங்கறியா", "செத்தியா", "நாளன்னைக்கு வா" இவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. வேறு யாரோடும் அப்படி இல்லை.

இரண்டு வருடம் போல நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். பிறகு ஜெயிக்கத் தொடங்கினேன். முதலில் ஒன்றிரண்டு, பிறகு பாதிக்குப் பாதி, பிறகு வரிசையாக. எனக்குத்தான் கை வந்துவிட்டது என்று குதித்தேன். அப்போதுதான் அவன் "லைன் சரியில்லடா" என்று எழுத ஆரம்பித்தான். ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். ஒவ்வொரு ஓய்வு நாளும் அதையே எழுதினான். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. சரி, பழைய வழக்கப்படியே பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை லைனைச் சோதிக்கும் மீட்டரையும் ஏணியையும் பைக்கில் கட்டிக்கொண்டு திண்டிவனம் போனேன். தங்கச்சி, இரண்டு பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரையும் சுற்றி நிற்க வைத்துவிட்டுக் கம்பத்திலிருந்து மோடம் வரைக்கும் ஒவ்வொரு ஜாயிண்டாக அளந்து காட்டினேன். லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. "பாத்துக்கோங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு "ஓ" என்று கத்தினேன். விஷயம் தெரியாவிட்டாலும் பிள்ளைகளும் சேர்ந்து கத்தின. அவன் சிரித்தான். "அப்ப மோடமா இருக்கும் மச்சான்" என்றான். மோடத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். இப்போது நினைத்தால் அந்தக் கத்தல்தான் என் காதில் முதலில் கேட்கிறது. வெட்கமாக இருக்கிறது.

புது மோடத்திலும் அவன் தோற்றான். இது என்னடா பேஜாரு என்று, ஆடிய ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். லைனில் எங்கே தடங்கல் என்று கண்டுபிடிப்பதுதான் என் எண்ணம். குச்சி குதித்தான். குதித்த நேரம் கச்சிதம், பழைய மாடியில் குதித்த மாதிரியே. இறங்கி வந்தான். அந்தரத்தில் வர வேண்டிய உதை வரவில்லை. கால் தரையைத் தொட்ட பிறகு வந்தது. திரும்பவும் போட்டேன். நகர்வதும் குனிவதும் பின்வாங்குவதும் எல்லாம் அந்தந்த நேரத்தில் நடந்தன. குத்தும் உதையும் மட்டும் தாமதம். ஸ்டிக் இடது கை, பட்டன் வலது கை. லைன் தாமதித்தால் இரண்டு கையும் சேர்ந்துதான் தாமதிக்கும். இன்னொன்றும் கவனித்தேன். பலமான குத்து, பலமான உதை இரண்டுக்கும் பட்டன் வலது ஓரத்தில், மோதிர விரலுக்கு நேரே இருக்கும். அன்றைய பத்து ஆட்டத்தில் அந்த இரண்டும் ஒரு தடவைகூட வரவில்லை. பிறகுதான் அந்த மாடி ஞாபகம் வந்தது. எதன் மேலும் பழி போடாதவன் ஆறு மாதமாக லைன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறான்.

கோளாறு லைனில் இல்லை, அவன் வலது கையில். அவன் மறுநாள் வண்டி எடுக்க வேண்டும். கியர் மாற்ற இடது கை போனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது வலது கை மட்டும்தான். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டினால் அந்த ரோட்டில் லாரிகள் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். காலை வண்டியில் காலேஜ் பிள்ளைகள் படிக்கட்டு வரைக்கும் நிற்கும். போனை எடுத்தேன். அவன் நம்பரைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னவென்று ஆரம்பிப்பது? உன் கைக்கு என்னடா ஆச்சு என்று கேட்கும் பழக்கமே எங்களுக்குள் இல்லை. தங்கச்சிக்குப் போட்டு, அவன் வலது கை சரியில்லை போலிருக்கிறது என்றேன்.

அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வந்தது. டம்ளர் நழுவுகிறதாம். சட்டைப் பட்டனை மூத்த மகள்தான் போட்டு விடுகிறாளாம். செல்லம் கொஞ்சுகிறார் என்று இவள் விட்டுவிட்டாளாம். நான் என் கணக்கில், அவள் அவனிடம் பேசி டாக்டரிடம் கூட்டிப்போவாள் என்று நினைத்தேன். அவள் பயத்தில் நேராகப் பஸ் முதலாளிக்குப் போன் போட்டு, நாளைக்கு அவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்று அழுதிருக்கிறாள். மறுநாள் காலையில் மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் அவன் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்குக் கண்டக்டர் எல்லோர் எதிரிலும் சொல்லியிருக்கிறார்: "உனக்குக் கை வரலியாமே." பூக்காரம்மா, டீக்கடைக்காரர், ஏறி உட்கார்ந்திருந்த ஜனங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

அன்று மத்தியானம் எனக்குப் போன் செய்தான். சத்தம் போடவில்லை. "கை என்னுதுடா. என்னைத் தவிர எல்லாருக்கும் சொல்லிட்ட" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பிறகு பத்து மாதம் பேசவில்லை. பாண்டிச்சேரியில் ஸ்கேன் எடுத்ததில் கழுத்து எலும்புகளுக்கு நடுவே நரம்பு நசுங்கியிருப்பது தெரிந்து ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கை மொத்தமாகப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகத் தங்கச்சி சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் கண்ணை மூடிக்கொண்டான். விரல்கள் ஓரளவுக்குத் திரும்பின. டிரைவர் வேலை திரும்பவில்லை. பஸ் முதலாளி நல்ல மனுஷன். பஸ் ஸ்டாண்டில் வண்டிகளுக்கு நேரம் பார்த்து அனுப்பும் டைம்கீப்பர் வேலை கொடுத்தார். செய்தது தப்பா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வண்டியை நிறுத்தியது தப்பில்லை. இன்னொரு தடவை வந்தாலும் நிறுத்துவேன். ஆனால் விழுப்புரத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திண்டிவனம். போய் அவன் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். கம்பம் ஏறி லைனைச் சோதிக்கப் போகத் தெரிந்தது, இதற்குப் போகத் தெரியவில்லை. பயம்தான், வேறு காரணமில்லை.

பதினோராம் மாதம் ஒரு மத்தியானம் அவனே என் ஆபீசுக்கு வந்தான். பஸ்ஸில் ஏறி, டிக்கெட் எடுத்து, பின் சீட்டில் உட்கார்ந்து வந்ததாகச் சொன்னான். ஓட்டுகிறவரைப் பார்த்துக்கொண்டே வர முடியாதாம். நான் டீ வாங்கி வந்தேன். அவன் வலது கையை மேசை மேல் விரித்து வைத்தான். கடைசி இரண்டு விரலும் கொஞ்சம் மடங்கியே இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே, என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் உடம்பைப் பற்றி அவனிடம் கேட்டேன்.

"அப்போ ரொம்ப வலிச்சுதாடா?"

"வலிக்கவே இல்ல மச்சான். வலிச்சிருந்தா நானே வண்டிய விட்டு இறங்கியிருப்பேன். கை என்னுது இல்லாத மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஓட்டிக்கினு இருக்கும்போதே கீழ பாப்பேன், கை இன்னும் ஸ்டியரிங் மேலதான் இருக்குதான்னு. பாத்துட்டு, அப்புறம்தான் ரோட்டைப் பாப்பேன்."